சாக்குக் கழிவு

டிக்கோயா, மேற்பிரிவு
09.08.2025, சனிக்கிழமை

அன்பு மகள் சுதர்ஷினிக்கு,

அப்பா எழுதுவது. நேற்று ஆடி வெள்ளி, மாரியம்மன் கோயிலில் உன் பெயருக்கு அர்ச்சனை வைத்தேன், குவைத் வெயிலில் உனக்கு ஒன்றும் ஆகக் கூடாது என்று கேட்டுக்கொண்டேன். இங்கே நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போக வேண்டும், அதுதான் வழக்கம், ஆனால் இந்தத் தடவை அந்த வரியை எழுத மாட்டேன். ஒன்றரை வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் போனில் அந்த வரியைத்தான் உனக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன், அது போதும். போனில் இதைப் பேச முடியாது, உன் அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள், லயத்து ஒற்றைச் சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த காம்பிரா வீட்டுக்காரர்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்பார்கள். ஹட்டனில் சாமான் கடை வைத்திருக்கும் மஃறூப் முதலாளியின் மகள் ரபீக்கா திங்கட்கிழமை அங்கே புருஷனிடம் வருகிறாள், அவள் கையில் கொடுத்து அனுப்புகிறேன். அடுப்பில் ஏதாவது வைத்திருந்தால் இறக்கி வைத்துவிட்டுப் படி. நீ வேலை செய்கிற வீட்டுப் பிள்ளைகள் முன்னால் நின்று அழுது வேலையைக் கெடுத்துக்கொள்ளாதே.

உன் அம்மாவின் இரத்த வியாதி திரும்பி வந்துவிட்டது. திரும்பி வந்தது என்று சொல்வதும் சரியில்லை, அது போகவே இல்லை, போய்க்கொண்டிருந்ததைக் கூப்பிட்டு உட்கார வைத்தவன் நான். கோபப்படுவாய், படு. ஆனால் நீயும் யோக்கியம் பேசாதே. போன வருடம் ரிப்போட்டைப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று கேட்டாய், நான் இரண்டு தாளில் ஒரு தாளைத்தான் அனுப்பினேன், நீ மற்றத் தாள் எங்கே என்று கேட்டாயா? எல்லாம் நோமல்தானே அப்பா என்று சொல்லி ஒரு கட்டைவிரல் படத்தை அனுப்பினாய். அந்தக் கட்டைவிரல் இன்னும் என் போனில் இருக்கிறது. படித்த பிள்ளை, ஓ.எல். பாஸ் பண்ணிய பிள்ளை என்று உன்னைத்தானே நம்பியிருந்தேன். என் வாய் பொல்லாத வாய் என்று உன் அம்மா சொல்வாள், அந்த வாயால்தான் எழுதுகிறேன், வேறு வாய் எனக்கு இல்லை.

முதலில் இருந்து சொல்கிறேன். போன வருடம் தைப்பொங்கல் முடிந்து அவள் தேயிலை மலையில் கொழுந்து எடுக்கும்போதே விழுந்தாள், இடது விலாவுக்குக் கீழே கல் மாதிரி வீங்கியிருந்தது, கண்டிக்குக் கொண்டு போனோம், வெள்ளை அணு இரண்டு லட்சத்துக்கு மேல் என்றார்கள், அது நாள்பட்ட வகை, தினம் ஒரு மாத்திரை போட்டால் நிறையக் காலம் இருக்கலாம் என்றார்கள், அதுவரைக்கும் உனக்குத் தெரியும். மாத்திரை தொடங்கி மூன்று மாதத்தில் அந்த இரண்டு லட்சம் ஏழாயிரத்து நானூறுக்கு இறங்கியது. டொக்டர் சிங்களத்தில் ஏதோ சொல்லிச் சிரித்தார், பக்கத்தில் நின்ற நேர்ஸ், பூண்டுலோயாப் பக்கத்துப் பிள்ளை, பெயர் பிரேமினி, "அம்மாவுக்கு இப்ப கவுண்ட் நோமல், ஐயா" என்று சொன்னாள். என் காதில் விழுந்தது நோம். முப்பத்தொரு வருடம் கணக்கப்பிள்ளை வேலை பார்த்தவன் காதில் வேறு என்ன விழும்? நீ லயத்தில் பிறந்தவள், உனக்குத் தெரியாததா? ஒரு நாளைக்குப் பதினெட்டு கிலோ கொழுந்து நோம், அதை எடுத்தால் செக்ரோல் புத்தகத்தில் முழுப்பேர், அன்றைய சம்பளம் முழுசாக விழும், ஒரு கிலோ குறைந்தாலும் அரைப்பேர். நோம் வந்துவிட்டால் அன்றைக்கு வேலை முடிந்தது, கூடையை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போகலாம். உன் அம்மா நோம் எடுத்துவிட்டாள் என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் எனக்குச் சந்தோஷம்.

ஆறாம் மாதம் இன்னொரு தாள் வந்தது. அது வேறு சோதனை, இரத்தத்தைக் கொழும்புக்கு அனுப்பிப் பார்ப்பது. அதில் 4.2 என்று போட்டு நூற்றுக்கு என்ற அடையாளம். பிரேமினி அப்போதும் சொன்னாள், கவுண்ட் வேறு, இது வேறு, இது ஒன்றுக்குக் கீழே வர வேண்டும், பிறகு இன்னும் கீழே போக வேண்டும், ஒரு நாள் மாத்திரையைக் கூட விடக் கூடாது என்று. தலையாட்டினேன். நான் நினைத்தது என்ன தெரியுமா? நூறு கிலோவில் நாலு கிலோ. அதை நாங்கள் கணக்கிலேயே எடுக்க மாட்டோம். சாக்குக்கு இவ்வளவு, கொழுந்தில் தண்ணீருக்கு இவ்வளவு என்று கழித்துவிட்டுத்தான் எழுதுவோம், புள்ளிக்குப் பின்னால் இருப்பதை எந்தக் கணக்கப்பிள்ளையும் எந்தப் பொம்பிளைக்கும் கொடுத்தது கிடையாது. தராசு முள் பதினெட்டரையில் நின்றாலும் பதினெட்டு, பதினேழே முக்காலில் நின்றால் பதினேழு. அந்தப் பழக்கத்தில் உன் அம்மாவின் நாலு புள்ளி இரண்டையும் சாக்குக் கழிவு என்று கழித்துப் போட்டேன். உனக்கு அனுப்பாத தாள் அதுதான்.

அதோடு விட்டிருந்தாலும் மாத்திரை ஓடியிருக்கும். மாத்திரையின் தொல்லைகள் வேறு இருந்தன. காலையில் எழும்பும்போது இரண்டு கண் இமையும் தண்ணீர் கட்டினது போல வீங்கியிருக்கும், கெண்டைக்காலில் நரம்பு இழுத்து அலறுவாள், வெறும் வயிற்றில் போட்டுவிட்டால் வாந்தி. தோலும் வெளுத்தது. வீடியோவில் பார்த்துவிட்டு அம்மா நல்லா வெளுத்து அழகாக இருக்கிறார்கள் என்று நீ சிரித்தாய், ஞாபகம் இருக்கிறதா? நான் அதற்கும் மேலே போய் அவளை வெள்ளைக்காரத் துரையின் பெஞ்சாதி மாதிரி துரைச்சாணி என்று கூப்பிட ஆரம்பித்தேன். துரைச்சாணிக்குத் தேத்தண்ணி வேணுமா, துரைச்சாணிக்குக் கால் அமுக்க ஆள் வைக்கணுமா என்று. அவள் பாட்டுக்கு ரொட்டி தட்டிக்கொண்டிருப்பாள். எல்லாம் மாத்திரையால் வருவது, வந்து சொன்னால் அதற்கும் மருந்து இருக்கிறது என்று கிளினிக்கில் சொல்லியிருந்தார்கள், நான் அங்கே போய் ஒன்றும் சொல்லவில்லை, அவளையும் சொல்ல விடவில்லை.

இப்போது எழுதப் போவதை நான் பிரேமினியிடமும் சொல்லவில்லை, டொக்டரிடமும் சொல்லவில்லை. பைப்படியில் பொம்பிளைகள் அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்த்துவிட்டு, கணக்கப்பிள்ளை ஐயா மறுபடியும் கையை நீட்ட ஆரம்பித்துவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். நான் அடித்த காலத்தில் ஒருத்தரும் வாயைத் திறக்கவில்லை. நீ ஏழு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தாயே, அன்றைக்குக் கூட அடுத்த நாள் எனக்கு எல்லோரும் சலாம்தான் போட்டார்கள். அடிக்காத காலத்தில் அடித்தவன் என்று பேர் வந்தது. கோயில் கமிட்டியில் இரண்டு பேர் என் முகத்தைப் பார்க்காமல் பேசினார்கள். அதைத் தாங்க முடியாமல் போனது, அவள் நோய் எனக்குத் தாங்கக் கூடியதாகத்தான் இருந்தது. ஒரு நாள் காலையில் சொன்னேன், நோம்தான் வந்துவிட்டதே, இன்னும் என்னத்துக்கு இந்தக் கண்றாவி, நிப்பாட்டு என்று. அவள், "நேர்ஸ் புள்ள விடக் கூடாதுன்னுச்சுங்களே" என்றாள். நேர்ஸ் பிள்ளைக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா என்று ஒரு சத்தம் போட்டேன். அதற்கு மேல் அவள் கேட்கவில்லை, முப்பது வருடத்தில் அவள் எதைத்தான் இரண்டாம் தடவை கேட்டிருக்கிறாள்?

ஒரு கிழமையில், ஏழே நாளில், கண் வீக்கம் வடிந்தது. கால் இழுக்கவில்லை, சாப்பாடு இறங்கியது. பார்த்தாயா என்று எனக்குப் பெருமை. அடுத்த கிளினிக்கில் மாத்திரை ஒழுங்காகப் போகிறதா என்று கேட்டார்கள், நான் முந்திக்கொண்டு போகிறது என்று சொன்னேன், கவுண்டும் அப்போது நன்றாகவே இருந்தது. கொடுத்த மாத்திரைகளை பிஸ்கட் டின்னில் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்தேன். அதற்கடுத்த இரண்டு கிளினிக்குக்கும் மழை, பஸ் இல்லை என்று சாக்குச் சொல்லிப் போகவே இல்லை. மார்கழியில் உன் ஒப்பந்தம் முடிந்தது, வந்து அம்மாவைப் பார்க்கட்டுமா, இல்லை இன்னும் இரண்டு வருடத்துக்கு எழுதட்டுமா என்று கேட்டாய், அம்மா நோமல், நீ எழுது என்று சொன்னேன். அவள் பக்கத்தில்தான் இருந்தாள். போனை வாங்கிப் பேசுகிறாயா என்று கேட்டேன், வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு நாலாம் நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, உடுத்திய சேலை பிழிகிற அளவுக்கு வியர்வை, விலாவுக்குக் கீழே அந்தக் கல் மறுபடியும். கண்டிக்குக் கொண்டு போனால் ஒரு லட்சத்து அறுபதாயிரம். டொக்டர் என்னைத்தான் கேட்டார், மாத்திரையை விட்டீர்களா என்று. இல்லை என்றேன். மாத்திரை ஒழுங்காகப் போட்டும் இப்படி என்றால் நோய் மாத்திரையை மீறிவிட்டது என்று அவர்கள் நினைத்து, அதற்கு ஒரு சோதனை, இதற்கு ஒரு சோதனை என்று எழுதத் தொடங்கினார்கள். நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன். கட்டிலில் கிடந்தவள் தலையைத் திருப்பி, "ஏழு மாசமாப் போடல, ஐயா நிப்பாட்டச் சொன்னாங்க" என்று சொல்லிவிட்டாள். மலையில் எல்லாப் பொம்பிளைகளும் கூப்பிடுகிற மாதிரி அவளும் என்னை ஐயா என்றுதான் கூப்பிடுவாள், அது நான் போட்ட சட்டம், வேலை நேரத்தில் புருஷன் பெஞ்சாதி கிடையாது என்று. ஆனால் வீட்டுக்கு வந்தால் என்னங்க என்பாள். அன்றைக்கு வார்டில் ஐயா என்றாள். எனக்கு வந்த ஆத்திரத்தில், நன்றி கெட்டவளே, நாலு பேர் முன்னால் என்னைக் காட்டிக் கொடுக்கிறாயா என்று அவள் தலைமாட்டில் நின்று கத்தினேன். அவளுக்கு அப்போது நூற்று மூன்று காய்ச்சல்.

பிரேமினிதான் என் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனாள். அவளுடைய தாயும் கொழுந்து எடுத்தவளாம். "ஐயா, கவ்வாத்து வெட்டுன மலையில பச்சை ஒண்ணும் தெரியாது. அதுக்காகத் தேயிலை செத்துப் போச்சுன்னு செக்ரோல்ல எழுதுவீங்களா? வேர் கெடக்குதுல்ல. கவுண்டுங்கிறது மேல தெரியிற கொழுந்து, அந்த நாலு புள்ளி ரெண்டு வேரு. மாத்திரை வேரத்தான் காய வச்சுக்கிட்டு இருந்துச்சு, நீங்க தண்ணி ஊத்திட்டீங்க" என்றாள். சின்னப் பிள்ளை, உன் வயதுதான் இருக்கும். எத்தனை மலையைக் கவ்வாத்து வெட்ட வைத்தவன் நான், என்னிடம் அதைச் சொல்ல ஒருத்தி வேண்டியிருந்தது. மாத்திரையை விட்ட மாதங்களில் நோய் வேறு உருவம் எடுத்திருக்கிறது, பழைய மாத்திரைக்கு இனி அடங்காது, வேகம் பிடித்த நிலைக்குப் போய்விட்டது என்று சோதனையில் தெரிந்தது. டின்னில் இருந்ததெல்லாம் வீண்தான்.

வைகாசியில் புது மாத்திரை தொடங்கினார்கள். இது பழையதற்கு நேர் எதிர், வெறும் வயிற்றில்தான் போட வேண்டும், போடுவதற்கு முன் இரண்டு மணி நேரமும் பின் ஒரு மணி நேரமும் ஒன்றும் சாப்பிடக் கூடாது, காலையும் மாலையும் பன்னிரண்டு மணி நேர இடைவெளி. நெஞ்சில் வயர் ஒட்டி இதயத் துடிப்பைப் படம் எடுத்துப் பார்த்த பிறகுதான் கொடுத்தார்கள். தலைவலி, உடம்பெல்லாம் அரிப்பு, இரத்தத்தில் சீனியும் கொஞ்சம் ஏறியிருக்கிறது. இப்போது நான் ஒன்றையும் மறைப்பதில்லை, வந்ததையெல்லாம் கிளினிக்கில் சொல்கிறேன். அரிப்புக்குப் பூச ஒன்று கொடுத்தார்கள், நல்லது. காலையில் நான்தான் தேத்தண்ணி வைக்கிறேன், ரொட்டி எனக்கு வட்டமாக வருவதில்லை, அவள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதும் இல்லை. ஒரு தடவை ஏசினாலாவது, முன்னால் வந்து அழுதாலாவது தேவலை. ரிப்போட் எல்லாவற்றையும் என் அலுமாரியில் இருந்து எடுத்துத் தன் கொழுந்துப் பையில் போட்டுக் கட்டி வைத்திருக்கிறாள். ஒரு தாளைக் கேட்டதற்கு, "இனிமே என் நிறுவைய நானே பாத்துக்கிறேன்" என்றாள். இலக்கம் மட்டும் வாசிக்கத் தெரியும் அவளுக்கு, எது எந்தத் தாள் என்று பிரேமினியிடம் கேட்டு மூலையில் ஒவ்வொரு அடையாளம் போட்டு வைத்திருக்கிறாள். என்னைவிட இப்போது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

புதன்கிழமை மூன்றாம் மாதத் தாள் வந்தது, கொழும்புக்கு அனுப்பிப் பார்க்கிற அந்த நூற்றுக்குக் கணக்குத் தாள். புது மாத்திரை வேலை செய்தால் இதற்குள் பத்துக்குக் கீழே வந்திருக்க வேண்டுமாம். முப்பத்தெட்டு. கவுண்ட் குறைந்திருக்கிறது, அதை நம்பி இனி யாரும் ஏமாற மாட்டார்கள். இன்னும் ஒரு தடவை பார்ப்போம், ஆனால் இது நல்ல தாள் இல்லை என்று டொக்டர் சொன்னார், பிள்ளைகள் இருந்தால் இரத்தம் கொடுத்துப் பார்க்கலாம், பொருந்தினால் எலும்பு மச்சை மாற்றுவது பற்றி யோசிக்கலாம், அதுவும் அவள் உடம்பு தாங்குமா என்று பார்த்துத்தான் என்றார். எங்களுக்கு நீ ஒருத்திதான் என்று சொன்னேன். உன்னைக் கூப்பிட வேண்டாம் என்று உன் அம்மா சொன்னாள், அந்தப் பிள்ளையாவது முழுப் பேராக வேலை செய்யட்டும் என்று. அப்போது எனக்கு அந்தப் பேச்சு விளங்கவில்லை.

வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு அவள் பையை அவிழ்த்து அந்தத் தாளை எடுத்துக் கட்டில்மேல் விரித்தாள். பத்து என்ற இடத்தில் விரலை வைத்தாள், பிறகு முப்பத்தெட்டில் வைத்தாள். "நோம் பத்து, ஐயா. நான் முப்பத்தெட்டு எடுத்திருக்கேன். எத்தனையோ நாள் பதினேழே முக்கால் எடுத்துட்டு வந்து ஒங்க தராசுக்கு முன்னால நின்னேன், பொண்டாட்டிக்குப் பாத்துப் போட்டான்னு ஊரு சொல்லும்னு அரைப்பேர்தான் போட்டீங்க. இன்னக்கி நோமுக்கு மேல இருபத்தெட்டு இருக்கு. சாக்குக் கழிவு எவ்வளவு வேணும்னாலும் கழிச்சுக்கங்க. முழுப்பேர் போடுங்க" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை, நிறுவைக்கு நிற்கிற மாதிரியே நின்று சொன்னாள். என் சட்டைப் பையில் எப்போதும் இருக்கிற பென்சிலை அவளே எடுத்து நீட்டினாள். நான் வாங்கவில்லை. கொஞ்ச நேரம் நீட்டிக்கொண்டே நின்றாள், பிறகு முப்பத்தெட்டுக்குப் பக்கத்தில் செக்ரோலில் முழுப்பேருக்கு நான் போடுகிற மாதிரியே ஒரு கோடு, ஒன்று என்று, அவளே போட்டுக்கொண்டு தாளை மடித்துப் பையில் வைத்துக் கட்டினாள்.

மகளே, உன் மேடத்தின் காலில் விழுந்தாவது வா. ஒப்பந்தத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். அடுத்த கிளினிக் செப்டெம்பர் முதல் கிழமை, அதற்குள் உன் இரத்தத்தை எடுத்துப் பார்க்க வேண்டும். பொருந்தும் என்று நான் சொல்ல மாட்டேன், எனக்குத் தெரியாததை இனி உனக்குச் சொல்ல மாட்டேன். வந்து என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை, இந்தக் காம்பிராவில் பேசாமல் இருப்பது எப்படி என்று உன் அம்மா எனக்குப் பழக்கிவிட்டாள். மாரியம்மன் உன்னைக் கைவிட மாட்டாள், உனக்கு வரவேண்டிய கெட்டது ஏதாவது மிச்சம் இருந்தால் அது என் தலையில் விழட்டும், நீ நூறு வயது நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும்.

மறக்க வேண்டாம், வெள்ளிக்கிழமை போனில் அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றி மூச்சு விடாதே, விடுமுறை கிடைத்தது என்று மட்டும் சொல். எப்படி இருக்கிறீர்கள் என்று கேள், ஆனால் நோமல்தானே என்று மட்டும் கேட்காதே. ரிப்போட் பார்க்க வேண்டுமென்றால் அவளைத்தான் கேட்க வேண்டும், என் கையில் ஒரு தாளும் இல்லை.

இப்படிக்கு
உன் அப்பா
அழகுமுத்து